கூடல் களத்தில் இருவர்: பகைவரின் காதலை விரசமின்றி எழுதுவது எப்படி?

கேள்வி: நள்ளிரவுத் தூவல்

வணக்கம். சோழருக்கும் கல்யாணிச் சாளுக்கியருக்கும் இடையே துங்கபத்திரைப் பகுதியில் நடந்த போர்களைப் பின்புலமாக வைத்து ஒரு சரித்திர நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மன்னர்களும் போர்களும் வரலாற்றிலிருந்து எடுத்தவை. நாயகனும் நாயகியும் என் கற்பனை. நாயகன் வீரராசேந்திர சோழனின் குதிரைப்படைத் தலைவர்களுள் ஒருவன். 1054இல் கொப்பத்துப் போரில் முதலாம் இராசாதிராசன் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்டானே, அன்று அதே களத்தில் தன் தந்தையை இழந்தவன். நாயகி, அன்றைக்கு எதிர்ப்பக்கத்தில் நின்ற சாளுக்கியத் தண்டநாயகன் (படைத்தலைவன்) ஒருவனின் மகள்.

இதுவரை எழுதிய கதை இப்படிப் போகிறது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து நடக்கும் ஒரு மோதலில் நாயகி சிறைபிடிக்கப்பட்டுச் சோழர் பாசறைக்குக் கொண்டுவரப்படுகிறாள்; அவளைக் காவல் காக்கும் பொறுப்பு நாயகனிடம் வருகிறது; அவள் அவனைக் கொல்ல முயல்கிறாள், தோற்கிறாள்; அவன் காய்ச்சலில் விழும்போது அவளே மருந்திடுகிறாள்; ஒன்பதாம் அத்தியாயத்தில் இருவரும் கூடுகிறார்கள். எழுதும்போது எனக்கு விறுவிறுப்பாகத்தான் இருந்தது. படித்துப் பார்த்த நண்பர்கள் மூவரும் மூன்று விதமாகக் கை விரித்துவிட்டார்கள்.

ஒருவர், மூன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு பகை எங்கே போயிற்று என்று கேட்டார். இன்னொருவர், இதற்குப் பெயர் காதல் அன்று, சிறைவாசம் என்றார். மூன்றாமவர் ஒன்பதாம் அத்தியாயத்தில் நான் மிகவும் பாடுபட்டு எழுதிய வரியைச் சத்தமாக வாசித்துவிட்டுச் சிரித்தார். அந்த வரியை வெட்கத்துடன் இங்கே தருகிறேன்: ‘தந்தத்தில் கடைந்த தூண்களைப் போன்ற கால்களும், உடுக்கையைப் பழிக்கும் இடையும், கச்சைக்குள் அடங்க மறுக்கும் பொற்கலசங்களும் அவன் கண்களைக் கொள்ளையிட்டன.’ ‘இது காதல் காட்சியா, நகைக்கடை இருப்புப் பட்டியலா’ என்பது அவருடைய கேள்வி.

சிருங்காரம் இல்லாமல் இந்தக் கதையை எழுத எனக்கு விருப்பமில்லை. இருவருக்கும் இடையே உள்ள உடல்வேட்கைதான் கதையின் நெருப்பு. அதை மூடி மறைத்தால் மிஞ்சுவது போர்க்களக் குறிப்பு மட்டுமே. ஆனால் விரசமாகவும் போய்விடக் கூடாது. ‘விளக்கு அணைந்தது, நிலவு நாணி மேகத்துக்குள் மறைந்தது’ என்று தப்பித்து ஓடவும் மனம் வரவில்லை. பகையைக் கடைசிவரை உயிரோடு வைத்துக்கொண்டே காதலைச் சூடாக எழுதுவதற்கு வழி உண்டா? இவ்வகைக் கதைகளை எழுதியவர்களும் நிறைய வாசித்தவர்களும் சொல்லுங்கள்.

மறுமொழி 1: கல்வெட்டுக்காரன்

உங்கள் இரண்டாவது நண்பர் சொன்னதிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டு குறைகளும் அதிலிருந்தே கிளைத்தவை.

சோழர் காலத்தில் போரில் பிடிபட்ட பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்குக் கல்வெட்டுகளில் ஒரு சொல் இருக்கிறது: வேளம். அரண்மனையைச் சார்ந்து பணிப்பெண்கள் வைக்கப்பட்டிருந்த இடம் அது. சிறைபிடிக்கப்பட்ட பெண்களும் அங்கேதான் சேர்க்கப்பட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘அபிமானபூஷணத் தெரிந்த வேளம்’ போன்ற பெயர்கள் தெருக்களின் பெயர்களைப் போல மிகச் சாதாரணமாக வருகின்றன. கலிங்கத்துப்பரணியின் கடைதிறப்புப் பகுதியை நாம் எல்லோரும் சுவைக்காகவே படிக்கிறோம். போருக்குப் போன கணவன் வரத் தாமதித்ததால் ஊடிக் கதவடைத்த பெண்களை எழுப்பும் பாடல்கள் அவை. அந்த வரிசையிலேயே, பாண்டியர் தோற்று ஓடியதால் ‘வேளம் புகு மடவீர்’ ஆகிவிட்ட பெண்களையும் அதே கொஞ்சும் குரலில் கதவு திறக்கச் சொல்கிறார் செயங்கொண்டார். முதல் வாசிப்பில் அந்த இடத்தைக் கடந்து போய்விட்டேன். வேளம் என்றால் என்ன என்று தெரிந்துகொண்ட பிறகு வாசித்தபோது அந்தக் கதவைத் தட்டும் ஓசையே வேறாகக் கேட்டது.

உங்கள் நாயகி சோழர் பாசறையில் கைதியாக இருக்கும்வரை, அவள் எதற்கு ‘சரி’ என்றாலும் அதற்குப் பொருள் இல்லை. மறுக்க முடியாதவள் இணங்குவதில் சூடு எங்கிருந்து வரும்? அவளைக் கைதியாக்கிய அந்தக் கணத்திலேயே நீங்கள் பகையையும் முடித்துவிட்டீர்கள். பகைவர் என்றால் இருவர் கையிலும் ஏதேனும் ஆயுதம் இருக்கவேண்டும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் அது காவலும் கைதியும்தான்.

ஆகவே அவளைச் சிறையிலிருந்து விடுவித்து, அவளுக்கும் ஓர் அதிகாரத்தைக் கொடுங்கள். வரலாறு இதற்கு இடம் தருகிறது. சாளுக்கிய மன்னன் இரண்டாம் சயசிம்மனின் தமக்கை அக்காதேவி மாநிலங்களை ஆண்டவள், 1047இல் கோகாக் கோட்டையை முற்றுகையிட்டவள். அப்படிப்பட்ட ஒரு நாட்டில் ஆற்றங்கரைக் கோட்டை ஒன்றின் பொறுப்பு ஒரு தண்டநாயகனின் மகளிடம் இருந்தது என்று நீங்கள் எழுதினால் எவரும் புருவம் உயர்த்தமாட்டார்கள்.

அடுத்தது காலம். வீரராசேந்திரனின் மணிமங்கலக் கல்வெட்டில் வரும் ஒரு செய்தி உங்கள் நாவலுக்கென்றே பொறித்துவைத்தது போல இருக்கிறது. ஆறுகள் கூடும் இடமான கூடல் களத்தில் முன்பு தோற்றதற்குப் பழிவாங்க, மீண்டும் அங்கேயே வந்து பொருதுவோம் என்று சாளுக்கிய மன்னன் ஆகவமல்லனாகிய சோமேசுவரன் ஓலை அனுப்புகிறான். சோழன் மகிழ்ந்து படையுடன் புறப்பட்டுப் போய்ச் சேருகிறான். சாளுக்கியன் வரவில்லை. குறித்த நாள் கடந்த பின்னும் ஒரு மாத காலம் சோழர் படை அங்கே பாளையமிட்டுக் காத்திருக்கிறது. 1068இல் சோமேசுவரன் துங்கபத்திரையில் மூழ்கி உயிர்விட்டான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவன் வராமல் போனதற்கு நோய் காரணமாக இருந்திருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு.

போருக்கென்று வந்து போர் நடக்காத ஒரு மாதம் அது. இரண்டு தரப்பும் ஆற்றுக்கு இருபுறமும் நிற்கின்றன. முன்பு பிடிபட்டவர்களை விடுவிக்கும் பேச்சுவார்த்தைக்காக எதிர்க்கரைக் கோட்டையிலிருந்து தூது வரவேண்டும். அந்தத் தூதாக உங்கள் நாயகி வரட்டும். பரிசலில் வருவாள், பேசுவாள், திரும்பிப் போவாள். ஒவ்வொரு முறையும் அவளால் போக முடியும் என்பதால்தான் அவள் மறுபடி வருவதற்கு ஒரு பொருள் கிடைக்கிறது.

தூதருக்கு என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். இராசாதிராசனிடம் வந்த சாளுக்கியர் இருவரில் ஒருவனுக்கு ஐங்குடுமி வைத்தும், மற்றவனுக்குப் பெண்ணுடை உடுத்தியும், அவர்களுக்கு ஆகவமல்லன், ஆகவமல்லி என்று பெயரிட்டுத் திருப்பி அனுப்பியதைச் சோழர் கல்வெட்டே பெருமையாகச் சொல்கிறது. அந்தக் கதையைச் சிறுமியாக இருந்தபோதே கேட்டு வளர்ந்தவள் உங்கள் நாயகி. சோழர் படையெடுப்பில் பெண்களும் குழந்தைகளும் பட்ட துன்பத்தைச் சொல்லும் 1007ஆம் ஆண்டின் ஹொட்டூர்க் கல்வெட்டும் அவள் நாட்டில்தான் நிற்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சி என்றால் அவளுடைய பாட்டியின் நினைவு. நாயகனுக்கு ஒரு கொப்பம் இருந்தால் அவளுக்கு ஒரு ஹொட்டூர் இருக்கிறது. நீங்கள் நாயகனுக்கு மட்டும் புண்ணைக் கொடுத்துவிட்டு அவளுக்குக் கோபத்தை மட்டும் கொடுத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

மறுமொழி 2: குறிஞ்சித்திணை

வரலாற்றை மேலே உள்ளவர் சொல்லிவிட்டார். நான் அந்தப் பொற்கலசங்களுக்கு வருகிறேன்.

பாதாதிகேச வர்ணனையில் தவறொன்றும் இல்லை; அதற்கென்று ஓர் இலக்கிய மரபே இருக்கிறது. ஆனால் அது வணங்கி நிற்பவனின் பார்வை, அல்லது தூரத்தில் நின்று வியப்பவனின் பார்வை. தன்னைக் கொல்லக்கூடிய ஒருத்தி எதிரில் அமர்ந்திருக்கும்போது குதிரைப்படைத் தலைவன் ஒருவன் கால்முதல் தலைவரை நிதானமாக உவமை தேடிக்கொண்டிருக்கமாட்டான். அவன் கண்கள் அவளுடைய கைகளில் இருக்கும். கத்தி எங்கே இருக்கிறது, மூச்சு மாறுகிறதா, தோள் இறுகுகிறதா என்று பார்ப்பான். அப்படிப் பார்த்துப் பார்த்து, எந்த நாழிகையில் அவன் கத்தியைத் தேடுவதை மறந்துபோனான் என்று அவனுக்கே தெரியாமல் போகவேண்டும். சிருங்காரம் அங்கே பிறக்கிறது.

நீங்கள் கேட்கும் சூட்டுக்கான படிக்கட்டை நம்முடைய இலக்கணமே கட்டிவைத்திருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் காதல் தொடங்கும்போது பெண்ணிடம் தோன்றும் குறிகள் நான்கு நான்காக வருகின்றன. முதல் நான்கு: புகுமுகம் புரிதல், பொறிநுதல் வியர்த்தல், நகுநயம் மறைத்தல், சிதைவு பிறர்க்கு இன்மை. அவன் பார்க்கும்படி நிற்கிறாள். நெற்றியில் வியர்வை அரும்புகிறது. வந்த சிரிப்பை மறைக்கிறாள். உள்ளே உடைந்துபோனது வெளியில் எவருக்கும் தெரியாதபடி நடந்துகொள்கிறாள். இரண்டாம் நான்கு: கூழை விரித்தல், காதொன்று களைதல், ஊழணி தைவரல், உடைபெயர்த்து உடுத்தல். முடிந்த கூந்தல் அவிழ்கிறது. ஒரு காதின் அணி கழன்று விழுகிறது. அணிந்திருக்கும் நகைகளை விரல்கள் தாமாகவே தடவுகின்றன. சரியாக இருக்கும் ஆடையை நெகிழ்த்து மீண்டும் உடுக்கிறாள். இந்த எட்டிலும் ஒருவரை ஒருவர் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு காதணிகளும் அல்ல, ஒன்று மட்டும் கழல்கிறது என்று எழுதியவரின் கண்ணை நான் எத்தனையோ முறை வியந்திருக்கிறேன். உங்கள் நாவலின் முதல் இருநூறு பக்கங்களுக்கு இந்த எட்டே போதும்.

பகைவர் காதலில் இவற்றுக்கு இரட்டைச் சுமை ஏறுகிறது. குறிஞ்சி நிலத்துப் பெண் தன் சிரிப்பைத் தாயிடமிருந்தும் ஊராரிடமிருந்தும் மறைத்தால் போதும். உங்கள் நாயகி அவனிடமிருந்தே மறைக்கவேண்டும், தன்னிடமிருந்தும் மறைக்கவேண்டும், உடன்வந்த வீரர்களிடமிருந்தும் மறைக்கவேண்டும். நாயகனுக்கும் இதே மறைத்தல் உண்டு. பெண்ணின் உடலை மட்டும் குறிகளால் நிரப்பிவிட்டு ஆணை வெறும் பார்வையாளனாக நிறுத்துவது நம் சரித்திரக் கதைகளின் பழைய நோய், அவனுக்கும் வியர்க்கட்டும்.

கூடும் காட்சிக்கு ஒரு குறள் சொல்கிறேன். ‘அறிதோறு அறியாமை கண்டற்றால் காமம் செறிதோறும் சேயிழை மாட்டு.’ ஒன்றை அறிய அறிய, அதுவரை அறியாதிருந்தது புலப்படுவது போல அவளைச் சேரும்தோறும் வேட்கை புதிதாகிறது என்கிறார். உளவாளிகள் சொன்னதும் தான் கண்டதுமாக, ஒரு கோட்டையைப் படிப்பது போல அவளைப் படித்து வைத்திருப்பவன் உங்கள் நாயகன். அவளுடைய எல்லா வாயில்களும் தனக்குத் தெரியும் என்று நம்புகிறவன். அந்த இரவில் அவனுக்கு நேரவேண்டியது தனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்ற திகைப்புதான். விளக்கை அணைக்கவேண்டாம். எரியட்டும். வெளிச்சம் விழும் இடத்தை மட்டும் சிறிதாக்குங்கள்: ஒரு மணிக்கட்டு, கழுத்தோரத்தில் ஒரு தழும்பு, அந்தத் தழும்பைத் தொடும் முன் அனுமதிக்காக ஒரு கணம் நிற்கும் விரல். உவமைகள் குறையக் குறைய விரசமும் குறையும் என்பது என் அனுபவம்.

நம் மொழியில் மட்டும் கிடைக்கும் ஒரு கருவியையும் விட்டுவிடாதீர்கள். இருவரும் ‘நீர்’ என்று பேசிக்கொண்டிருக்கையில் ஒருவர் வாயில் ‘நீ’ வந்துவிடுவது பாதி அணைப்புக்குச் சமம். அந்த ஓர் எழுத்தை எந்தப் பக்கத்தில் உதிர்ப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒருமுறைதான் அது வேலை செய்யும்.

செம்புலப் பெயல் நீரை மட்டும் தயவுசெய்து நாயகன் வாயில் போடாதீர்கள். எல்லோரும் போட்டுவிட்டார்கள். மேலும் அது முன்பின் அறியாத இருவர் கலந்த கதை. உங்களவர்கள் ஒருவரையொருவர் அளவுக்கு மீறி அறிந்தவர்கள். உங்களுக்குக் ‘கூடல்’ என்ற களத்தின் பெயரே இருக்கிறது. ஆறுகள் கூடும் இடத்துக்கும் ஊடலுக்குப் பின் வருவதற்கும் ஒரே சொல். கதையில் எவரும் அதை விளக்கிச் சொல்லாதவரை அது அழகாக இருக்கும்.

மறுமொழி 3: பழைய வாசகி

நாற்பது ஆண்டுகளாகச் சரித்திரக் கதைகளை வாசித்து வருகிறவள் என்ற உரிமையில் சுருக்கமாகச் சொல்கிறேன். நாயகி கால் இடறி அவன் மார்பில் விழவேண்டாம். மழையில் நனைந்து பாழ்மண்டபத்தில் ஒதுங்கவேண்டாம். காய்ச்சலில் புலம்பும் நாயகன் தன் நல்ல மனத்தை உளறிக் காட்டவேண்டாம். இவை எல்லாம் எழுத்தாளர் பின்னாலிருந்து இருவரையும் பிடித்துத் தள்ளும் இடங்கள். அவரவர் காலால் நடந்து வரட்டும்.

பகை என்றால் வாய்த்துடுக்கு என்று நினைத்துப் பக்கம் பக்கமாகச் சொற்போர் எழுதுகிறார்கள். அவள் ஏசுகிறாள், அவன் புன்னகைக்கிறான். எனக்குக் கொட்டாவி வருகிறது. அவன் வென்றால் அவள் எதை இழப்பாள், அவள் வென்றால் அவன் எதை இழப்பான் என்று எனக்குத் தெரிந்தால் போதும். பிறகு இருவரும் ஓலையை வைத்துக் கணக்குப் பார்த்தாலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பேன்.

இன்னொன்று. கடைசி அத்தியாயத்தில் பகைநாட்டுப் பெண் தன் கொடியை மறந்து நாயகனின் நாட்டுக்கு மருமகளாகிவிடுவது வழக்கம். புலிக்கொடிக்காக வராகக் கொடி மட்டும் ஏன் ஒவ்வொரு முறையும் இறங்கவேண்டும்? இருவரில் ஒருவர் ஆற்றைக் கடந்தாக வேண்டும் என்றால், அது யார் என்ற கேள்வியைக் கடைசிவரை எனக்குத் தெரியாமல் வைத்திருங்கள்.

மறுமொழி 4: கல்வெட்டுக்காரன்

மேலே உள்ள அம்மையாரின் கேள்விக்கு வரலாறு ஒரு குறும்பான பதிலை வைத்திருக்கிறது. இத்தனை போர்களுக்கும் பிறகு வீரராசேந்திரன் தன் மகளையே சோமேசுவரனின் இரண்டாம் மகன் விக்கிரமாதித்தனுக்கு மணம்செய்து கொடுத்தான். விக்கிரமாதித்தனின் அவைப்புலவர் பில்கணர் வடமொழியில் எழுதிய விக்கிரமாங்கதேவ சரிதத்தில் அந்தச் செய்தி வருகிறது. ஆற்றைக் கடந்து போனவள் சோழர் மகள்தான். அரசியல் மணம் என்பதால் அதில் காதலைத் தேடவேண்டாம். ஆனால் உங்கள் கற்பனை இருவர் ஒளிந்து ஒளிந்து செய்வதை இரண்டே ஆண்டுகளில் அரசர்கள் மேளதாளத்துடன் செய்துவிடுகிறார்கள் என்பது கதைக்கு நல்ல காரம்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவள் கன்னடம் பேசுபவள் என்பதை மறந்து பலர் சாளுக்கியப் பெண்களைச் செந்தமிழில் கவிபாட வைக்கிறார்கள். நாயகன் கன்னட நாட்டுப் பகுதியான கங்கபாடியில் பணிசெய்தவன் என்று வைத்துக்கொண்டால் அவனுக்கு அவள் மொழி ஓரளவு தெரிந்திருக்கும். அந்தக் காலக் கன்னடத்தில் பகைக்கு ‘பகெ’ என்றே பெயர். இருவருக்கும் மொழிபெயர்ப்பாளன் தேவைப்படாத முதல் சொல் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

கேள்வியாளர் மறுமொழி: நள்ளிரவுத் தூவல்

அனைவருக்கும் நன்றி. ஒன்பது அத்தியாயங்களையும் தூக்கிப் போட்டுவிட்டேன், கொஞ்சம் வலித்தது. சிறையையும் காய்ச்சலையும் நீக்கி, காத்திருந்த அந்த மாதத்தில் கதையைத் தொடங்கியிருக்கிறேன். பேச்சுவார்த்தையின் பதினொன்றாம் இரவை நேற்று எழுதிப் பார்த்தேன். முதல் இரவிலேயே அவள் ‘பகெ’ என்று சொல்லி அவனைச் சுட்டியிருக்கிறாள். கொப்பத்தில் அவன் தந்தையை வீழ்த்திய வில்லாளி இப்போது சோழர் பாசறையில் கைதி என்பது வாசகருக்கு முன்பே தெரியும். அவனுக்குத் தெரியுமா என்பது மட்டும் தெரியாது.

*அவன் ஓலையிலிருந்து பெயர்களை வாசித்தான். ஒவ்வொரு பெயருக்கும் அவள் ஒரு புளியங்கொட்டையை இடப்புறத்திலிருந்து வலப்புறம் நகர்த்தினாள். அகல்விளக்கின் வெளிச்சம் அவர்களுக்கு நடுவே இருந்த பலகையைத் தாண்டிப் போகவில்லை. நாற்பது பெயர்களை வாசித்த அதே குரலில் அவன் நாற்பத்தொன்றாவது பெயரையும் வாசித்தான்.*

*அவள் விரல் கொட்டையின் மேல் நின்றது.*

*‘அந்தப் பெயரை மறுபடி வாசியும்’ என்றாள்.*

*வாசித்தான்.*

*‘அவன் யார் என்று உமக்குத் தெரியுமா?’*

*‘பதின்மூன்று ஆண்டுகளாகத் தெரியும். முகம் போன வாரம்தான் தெரிந்தது.’*

*அவள் நெற்றியில் வியர்வை படர்ந்திருந்ததை அவன் அப்போதுதான் கண்டான். காற்று ஆற்றிலிருந்து குளிர்ந்து வந்துகொண்டிருந்தது. அவள் இடுப்பிலிருந்த குறுங்கத்தியை உறையோடு எடுத்தபோது அவன் அசையவில்லை. அதை அவள் ஓலைச் சுருளின் மேல், காற்றில் பறக்காமல் இருப்பதற்கு வைப்பதைப் போல, வைத்தாள். பதினொரு இரவுகளாக அவன் அந்தக் கத்தி இருக்கும் இடத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் அவளைப் பார்த்தான்.*

*‘உன் கை நடுங்குகிறது’ என்றாள் அவள்.*

*நடுங்கியது. அதை மறைக்க அவன் பலகையின் மேல் உள்ளங்கையை அழுத்தினான். அவள் தன் கையை அதன்மேல் வைக்கவில்லை. ஒரு விரற்கடை தள்ளி, பக்கத்தில் வைத்தாள். தொடாமல் இருந்த அந்த இடைவெளியில் இருவருக்கும் சூடு தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று இருவருமே எண்ணவில்லை. பிறகு அவள் எழுந்து கூடாரத்தின் வாயிலுக்குப் போனாள். போகிறாள் என்று நினைத்தான். கரையில் காத்திருந்த பரிசல்காரனை அவள் தன் மொழியில் அழைத்தாள். விடிவதற்கு முன் வந்தால் போதும் என்று அவள் சொன்னது அவனுக்குப் புரிந்தது. துடுப்பின் ஓசை தேய்ந்து மறையும்வரை அவள் திரும்பவில்லை. திரும்பியபோது ஒரு காதில் மட்டும் தோடு இருந்தது.*

இதற்குப் பிறகும் காட்சி மூன்று பக்கங்கள் நீள்கிறது. விளக்கை அணைக்கவில்லை. ஆனால் ‘உன்’ என்ற சொல்லை நான் சரியான இடத்தில்தான் உதிர்த்திருக்கிறேனா, அவள் வாயில் வந்தது பொருந்துகிறதா என்று குழப்பமாக இருக்கிறது.

மறுமொழி 5: குறிஞ்சித்திணை

அவள் வாயில் வந்ததே பொருத்தம். அவன் தன் பழியை விட்டுக்கொடுத்துவிட்டான், இனி அவளுடைய முறை. கத்தியை அவள் வைத்ததைவிட அந்த ‘உன்’தான் பெரிய விட்டுக்கொடுத்தல். பதிலுக்கு அவன் ‘நீ’ என்று எப்போது சொல்கிறான் என்பதை அந்த மூன்று பக்கங்களின் கடைசிவரை தள்ளிப்போடுங்கள்.

ஒரு நெருடல் உண்டு. பரிசல்காரனுக்கு இப்போது எல்லாம் தெரியும். கூடார வாயிலில் நின்ற காவலனுக்கும் தெரியும். இரண்டு பாசறைகளிலும் அலர், அதாவது ஊர்ப்பேச்சு, பரவுவதற்கு ஒரு பகல் போதும். பன்னிரண்டாம் இரவில் அவள் பரிசலில் ஏறும்போது எதிரே நிற்பவர்களின் முகம் எப்படி இருக்கும் என்பதை அடுத்த அத்தியாயத்தில் விட்டுவிடாதீர்கள். பகை அங்கேதான் திரும்பி வருகிறது, இந்த முறை அவரவர் கரையிலிருந்தே.

மறுமொழி 6: பழைய வாசகி

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் படித்தேன். ஆனால் ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே: அவள் விரல் நின்ற அந்த நாற்பத்தொன்றாவது புளியங்கொட்டை வலப்புறம் போயிற்றா இல்லையா?